லேசர் டவுன்லிங்க்: ஏழு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் கியூப்சாட்டில் (சிறு பெட்டி அளவுச் செயற்கைக்கோள்) தரவை ஒளியாகத் தரைக்கு அனுப்பும் லேசர் டெர்மினல் ஒன்றைப் பொருத்தினோம். தரைப் பக்கத்துக்கு, தொலைநோக்கி வைத்து ஒளியை வாங்கித் தரும் ஒரு சேவையை எடுத்தோம். பாஸ்களை, அதாவது செயற்கைக்கோள் தரைநிலையத்தைக் கடந்துபோகும் சில நிமிடங்களை, திட்டமிட்டு ஓட்டுவது என் வேலை. இதே முடிவை எடுக்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டெர்மினல் உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. ஃபைபர் கேபிள்களில் ஓடும் அதே 1,550 நானோமீட்டர் ஒளி. வினாடிக்கு 100 மெகாபிட் என்று சொன்னார்கள். இணைப்பு பிடித்துவிட்டால் அது கிடைக்கவே செய்கிறது. ஐந்து நிமிடம் அறுபடாமல் நின்றால் 3.75 ஜிபி. எங்கள் 2 மெகாபிட் எஸ் பேண்ட் ரேடியோவில் அதே தரவை இறக்க ஐம்பது பாஸ் வேண்டும்.

ஆனால் பிடிப்பதுதான் பாடு. கற்றையின் விரிவு ஒரு மில்லிரேடியனுக்கும் குறைவு. 600 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் வட்டம் சில நூறு மீட்டர்தான். செயற்கைக்கோளோ வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. டெர்மினலைத் திருப்பத் தனி அமைப்பு கிடையாது. செயற்கைக்கோள் தன் உடலையே திருப்பித் தரைநிலையத்தைப் பார்க்க வேண்டும். தரைநிலையம் கீழிருந்து அனுப்பும் வழிகாட்டி ஒளி (பீக்கன்) கண்ணில் பட்ட பிறகுதான் உள்ளிருக்கும் சிறு கண்ணாடி மிச்சத்தைச் சரிசெய்யும்.

முதல் மூன்று வாரம் ஒரு துளி ஒளிகூட வரவில்லை. ஏவும்போது ஏற்பட்ட அதிர்வில், நட்சத்திரங்களை வைத்துத் திசையறியும் ஸ்டார் டிராக்கர் பார்க்கும் திசைக்கும் லேசர் பார்க்கும் திசைக்கும் நடுவே சிறு கோணம் விழுந்திருந்தது. சுருள் வடிவில் தேடச் சொல்லிக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தோம். பதினோராவது முயற்சியில் தரைக் கேமராவில் ஒரு வெண்புள்ளி நகர்ந்தது. அறையில் யாரும் பேசவில்லை. அந்த நொடியை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம் இன்னொன்று: வெயிலில் நெடுநேரம் இருந்துவிட்டு வரும் பாஸ்களில் கற்றை மெல்ல விலகியது. சூட்டில் டெர்மினல் பூட்டிய பேனல் லேசாக வளைகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இருந்திருக்க வேண்டும். ஆனால் டெர்மினல் நிறுவனத்தின் பொறியாளர் இரண்டு இரவு எங்களோடு உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தார். அதற்கு முழு மதிப்பெண்.

தரைச் சேவைக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. அவர்களிடம் இருப்பது ஒரே இடம், ஒரே தொலைநோக்கி. மேகம் வந்தால் கதை முடிந்தது. மழைக்காலத்தில் பதிவுசெய்த இருபது பாஸ்களில் பன்னிரண்டு போயின. அவற்றையும் நாங்கள் பயன்படுத்தியதாகவே ஒப்பந்தக் கணக்கில் கழித்தார்கள். இது நியாயமே இல்லை. வானிலை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத, தொலைவான இரண்டு மூன்று இடங்களாவது தருபவரோடு மட்டும் கையெழுத்திடுங்கள்.

மேகமே இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது காற்றின் கொந்தளிப்பில் ஒளி மினுக்கும், தரவுச் சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது தரவு போகும் சிறு துண்டுகள்) உடையும். நாசாவின் டிபேர்ட் என்ற லேசர் டெர்மினல் 2022-இல் விண்ணுக்கு ஏறி, 2023-இல் வினாடிக்கு 200 கிகாபிட் எட்டியது. உடைந்த சட்டங்களைத் தரை கேட்டு வாங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. எங்கள் டெர்மினலில் அது இல்லை; விடுபட்ட துண்டுகளைக் கணக்கெடுத்து அடுத்த பாஸில் நாங்களே அனுப்புகிறோம். வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள். ரேடியோவையும் கழற்றிவிடாதீர்கள். கட்டளைகளும் உடல்நிலைத் தகவலும் அதில்தான் போய்வர வேண்டும்.

அடுத்த செயற்கைக்கோளுக்கும் இதே டெர்மினலைத்தான் எடுத்திருக்கிறோம், தரைச் சேவையை மட்டும் மாற்றிவிட்டோம். இந்த முறை ஸ்டார் டிராக்கரையும் டெர்மினலையும் ஒரே தாங்கியில் அருகருகே பூட்டச் சொல்லியிருக்கிறேன்.