கீழே குனிந்து பிட் மாற்றுவதா, மேலேயே மாற்றுவதா?

கோவையில் பதினோரு பேர் சேர்ந்து வாடகை கட்டும் தச்சுப் பட்டறை எங்களுடையது. ரூட்டர் என்பது பிட் என்னும் வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தில் பள்ளம் போடும் கருவி. எங்கள் பழைய ரூட்டர் மேசை தளர்ந்துபோனபோது எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இருந்ததைப் போலவே இன்னொன்று செய்துகொள்வது: கனத்த பிளைவுட் மேசை, நடுவில் ஒரு தகடு, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும் பிளஞ்ச் (மோட்டாரை ஏற்றி இறக்கக்கூடிய) ரூட்டர். மற்றொன்று, லிஃப்ட் பொருத்திய மேசை. மேலிருந்தபடியே கைப்பிடியைச் சுழற்றினால் மோட்டார் முழுவதும் ஏறிவரும். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் மேசைப் பரப்புக்கு மேலே தெரியும். லிஃப்டைத்தான் வாங்கினோம். பதினான்கு மாதங்களாக அதில் வேலை செய்கிறேன், அதன் பக்கமே பேசப்போகிறேன்.

வெட்டின் தரத்தில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளுவது, ஃபென்ஸுக்கும் (பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்புச் சட்டம்) பிட்டுக்கும் நடுவே பலகையை நுழைக்காமல் இருப்பது, தள்ளுகட்டை பிடிப்பது, கையுறையைக் கழற்றிவிடுவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் இரண்டுக்குமே கட்டாயம். நம் ஊர் மின்வெட்டில் அது இல்லாத ரூட்டர் மேசையை நான் தொடவே மாட்டேன்.

என் முடிவை மாற்றியது பிட் மாற்றும் வேலை ஒன்றுதான்.

நம் சந்தையில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது, கால் அங்குலத் தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதேபோல 12 மி.மீ. ஒன்று, அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., இன்னொன்று. பதினோரு பேர் பதினோரு கடைகளில் வாங்கிவந்த பிட்டுகள் ஒரே டப்பாவில் கிடந்தால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் கோலெட்டில் வைத்து முடுக்கினால் ஸ்பேனருக்கு இறுக்கமாகவே தோன்றும். ஆனால் கோலெட் தண்டைச் சுற்றிலும் முழுமையாகக் கவ்வியிருக்காது.

பழைய மேசையில் அதுதான் நடந்தது. தேக்குச் சட்டத்தில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி போட்டுக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் ஓசை மாறியது; கையில் ஓர் அதிர்வு. நிறுத்திவிட்டு அளந்தேன். தொடக்கத்தில் 6 இருந்த ஆழம் முடிவில் 9 ஆகியிருந்தது. பிட் கோலெட்டிலிருந்து நழுவி மேலேறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னும் ஓரடி தள்ளியிருந்தால் முழுவதுமாகக் கழன்று பறந்திருக்கும். எனக்கு முன் அந்தப் பிட்டை மாட்டிய தம்பி முகம் வெளுத்து, “நான் நன்றாக முடுக்கினேனே, அண்ணா” என்றான். முடுக்கித்தான் இருந்தான். மேசைக்கு அடியில், இருட்டில், மரத்தூள் முகத்தில் கொட்டக் கொட்ட, தலைகீழாகக் கைநீட்டி முடுக்கினான். தண்டு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, எந்தக் கோலெட் மாட்டியிருக்கிறது என்பதை அங்கிருந்து யாராலும் பார்க்க முடியாது. நானும் குனிந்து பார்க்காமலே சுவிட்சைப் போட்டேன்.

லிஃப்ட் மேசையில் இது வெளிச்சத்தில் நடக்கிறது. கோலெட்டை மேலே கொண்டுவந்து, தண்டை முழுவதும் உள்ளே விட்டு, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்து, பிறகு முடுக்குகிறோம். அடுத்து வருபவர் நிமிர்ந்து நின்றபடியே சரிபார்க்கிறார். எங்கள் மோட்டாரின் வேகத் திருகும் மேசையின் முன்புறப் பெட்டியில் இருக்கிறது. அது சிறிய சலுகை அல்ல. 80 மி.மீ. விட்டமுள்ள பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அந்த அளவுப் பிட்டுக்கு 12,000தான் உச்சம். முந்தையவர் சிறிய பிட்டுக்காக முழு வேகத்தில் விட்டுப்போன திருகு பழைய மேசையில் கண்ணுக்கே படாது.

லிஃப்டுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. குனிய வேண்டியதில்லை என்பதால் பிளக்கைப் பிடுங்காமலே பிட் மாற்றத் தோன்றுகிறது. எங்களில் இருவர் அப்படிச் செய்வதைப் பார்த்த பிறகு ஸ்பேனரைச் சிறு கயிற்றால் பிளக்கோடு கட்டிவிட்டோம். பிளக் சுவரில் இருக்கும்வரை ஸ்பேனர் கோலெட்டை எட்டாது. உயரம் வைத்தபின் லிஃப்டின் பூட்டை முடுக்க மறப்பதும் நடக்கிறது. அதற்கு இதுவரை வழி கண்டுபிடிக்கவில்லை, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

செலவில் பழைய முறைதான் வெல்கிறது. லிஃப்டுக்கு மட்டும் நாங்கள் கொடுத்தது மோட்டாரின் விலையைத் தாண்டியது. தொங்கும் ரூட்டரைக் கழற்றிக் கையிலும் பிடித்து வேலை செய்யலாம். பிளைவுட் மேசை துருப்பிடிக்காது. எங்கள் வார்ப்பிரும்புப் பரப்புக்கு மழைக்காலத்தில் வாரந்தோறும் மெழுகு தேய்க்க வேண்டியிருக்கிறது. லிஃப்டின் திருகுத் தண்டில் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) தூள் படிவதால் மாதம் ஒருமுறை துலக்குகிறோம். இதுவரை உயரம் பிசகவில்லை, ஆனால் ஒரே ஒரு மழைக்காலத்தைப் பார்த்த கருவி இது. ஐந்து ஆண்டுகள் தாங்குமா என்று என்னைக் கேட்டால் உறுதி சொல்ல மாட்டேன். வீட்டில் தனியாக, தன் பிட்டைத் தானே மாட்டி வேலை செய்பவர் இந்தச் செலவைச் செய்யத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன்.

பழைய மேசையை நாங்கள் எறியவில்லை. காலுக்குக் குறுக்குச் சட்டம் அடித்து, சிறிய டிரிம் ரூட்டர் ஒன்றைத் தொங்கவிட்டு, 6 மி.மீ. பிட்டுகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். அதன் டப்பாவுக்கு மஞ்சள் பெயின்ட். லிஃப்ட் மேசையில் அரை அங்குலக் கோலெட் ஒன்றுதான் இருக்கும். அதன் டப்பா சிவப்பு. 12 மி.மீ., கால் அங்குலப் பிட்டுகளை அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போகச் சொல்லிவிட்டோம்.