உணர்சார் நுண்ணறிவுப் பயிற்சி: போய் வந்து ஒரு மாதம் கழித்து

உணர்சார் நுண்ணறிவு, அதாவது நம் உணர்ச்சிகளையும் மற்றவர்களின் உணர்ச்சிகளையும் புரிந்துகொண்டு கையாளும் திறன், பற்றி அலுவலகத்தில் ஏற்பாடு செய்த இரண்டு நாள் பயிற்சி இது. முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடுகள், அதைத் தாராளமாகக் குறைக்கலாம். 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தாலே போதும்.

மதியம்தான் விஷயமே. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் பொறுமையிழந்த வாடிக்கையாளராகப் பேச வேண்டும், மற்றவர் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் குரலில் என்ன தெரிகிறது என்று ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். நான் 'கோபம்' என்று எழுதினேன். பேசியவர் தன் தாளில் எழுதி வைத்திருந்தது 'பயம்'. கஸ்டமர் சப்போர்ட்டில் ஆறு வருடம் இருந்தும் எனக்கு இது பிடிபட்டதே இல்லை. இப்போதெல்லாம் அழைப்பை எடுத்ததும் விளக்கம் கொடுக்க ஓடாமல், "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், பலர் அதிலேயே தணிந்துவிடுகிறார்கள்.

ஒரு குறை. இந்தத் திறன் இருந்தால் எந்த வேலையிலும் ஜொலிக்கலாம் என்று பயிற்சியாளர் அடித்துச் சொன்னார். அது சரியில்லை. 2010இல் ஜோசப், நியூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்திக்கொண்டே ஆட்களோடு பழக வேண்டிய வேலைகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட வேலை என்றால் கண்டிப்பாகப் போங்கள். அப்புறம், மேலாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் மேலாளர் வரவில்லை, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.