காசு கட்டிப் புத்தகம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: குடியாத்தத்தில் நடந்தது

குடியாத்தத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவு, 160 பக்கம், அதாவது பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் பத்து ஃபாரம். 38,000 ரூபாயை முழுசாக முன்பணமாக வாங்கிக்கொண்ட ‘பதிப்பகம்’ 300 பிரதி தருவதாகச் சொல்லி 40 அனுப்பியது. மீதியெல்லாம் ஸ்டாக்கில் இருக்கிறது, ஆன்லைனில் விற்கிறோம் என்றது. இப்போது போனை எடுப்பதில்லை. ஆரணி, வாலாஜா, திருப்பத்தூர்ப் பக்கமும் இதே பேச்சு கேட்பதால், இந்த வேலையிலேயே இருக்கிற நாங்கள் சிலர் விவரமாக எழுதி வைக்கிறோம்.

முகநூலில் ஒரு கதை போட்டால் போதும், மறுநாளே போன் வரும். ‘மு.வ. பிறந்த மண்ணாச்சே சார், உங்க எழுத்து வெளியே வரணும்’ என்பார்கள். எந்தக் கதை பிடித்தது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இருக்காது.

முதலில் அந்த 260 பிரதி. அவை அச்சாகியிருக்கவே வாய்ப்பில்லை. டிஜிட்டல் மெஷினில் நாற்பதும் அடிக்கலாம், நாலும் அடிக்கலாம். ஆர்டர் வந்தபின் அடித்துக்கொண்டால் போயிற்று. ஆஃப்செட், அதாவது பக்கங்களைத் தகட்டில் (பிளேட்) ஏற்றி அடிப்பது, அப்படியில்லை. பிளேட் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றேதான் என்பதால் முந்நூறு, ஐந்நூறு என்று போனால்தான் கட்டுபடியாகும். ஆகவே எந்த முறையில் அச்சு, எத்தனை பிரதி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், எந்தத் தேதிக்குள் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். ‘ஸ்டாக்’ என்ற சொல்லை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம்.

வந்த நாற்பதும் லட்சணமாக இல்லை. நடுப்பக்கம் விரித்தால் வரிகளின் கடைசி எழுத்துகள் முதுகுப் பக்கம் புதைந்து கிடக்கின்றன. பர்ஃபெக்ட் பைண்டிங்கில் (தைக்காமல் முதுகில் பசை போட்டு ஒட்டும் முறை) 160 பக்கத்துக்கு உள் மார்ஜின் 18 முதல் 20 மில்லிமீட்டர் விட வேண்டும். இதில் பத்துகூட இல்லை. முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் பசை தடவியிருப்பதால் இரண்டு தரம் புரட்டியதும் தாள் கையோடு வருகிறது. பத்திக்குப் பத்தி கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி லேஅவுட் செய்தால் இப்படித்தான் ஆகும். கொ, கோ, கௌ, ஸ்ரீ இருக்கும் இடங்களைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டும். இவருக்கோ பிழை பார்ப்பதற்கான மெய்ப்பு பி.டி.எஃப் இரவு பதினொரு மணிக்கு வந்திருக்கிறது, ‘காலையில் ஓகே சொல்லிடுங்க சார்’ என்ற குறிப்போடு. ஓகே சொன்னதால் தப்பெல்லாம் அவர் தலையில்.

இரண்டு சுற்று மெய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், பிறகு பைண்டிங் செய்த ஒரு டம்மி காப்பி, அதாவது மாதிரிப் பிரதி. இந்த மூன்றும் இல்லாமல் அச்சுக்குச் சம்மதிக்காதீர்கள். டம்மியைக் கையில் வாங்கியதும் நன்றாக விரித்து மடக்கிப் பாருங்கள். உள்தாளான மேப்லித்தோ எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் எடையளவு) என்று கேட்டு, பேசிய தாள்தானா என்று ஒப்பிடுங்கள். லேஅவுட்டின் ஓப்பன் ஃபைலும் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) எழுத்துருக்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்புக்கும் அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கென்று தனியாக 3,000 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அநியாயம். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். போதாக்குறைக்கு அச்சிட்ட எண்ணும் பொய். சோதிப்பது எளிது: பதின்மூன்று இலக்கங்களையும் இடமிருந்து மாறி மாறி 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இந்தப் புத்தகத்தின் எண் வகுபடவில்லை. வகுபட்டாலும் வேறு புத்தகத்தின் எண்ணாக இருக்கலாம் என்பதால் இணையத்திலும் தேடிப் பாருங்கள்.

‘நூறு சதவீத ராயல்டி’ என்பதன் கணக்கைக் கேளுங்கள். விலை 200. கடைக் கழிவு என்று பாதி போய்விடும். மீதி நூறில் ‘அச்சுச் செலவு’ 85. எஞ்சும் பதினைந்தில்தான் நூறு சதவீதம்! அந்த அச்சுச் செலவைத்தான் இவர் ஏற்கெனவே முழுசாகக் கட்டியிருக்கிறாரே.

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில், எல்லா மொழி உரிமையும் திரைப்பட உரிமையும் பத்து ஆண்டுக்கு அவர்களுக்கு. காசு கொடுத்துச் செய்விக்கிற வேலைக்கு உரிமையை ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. கால வரம்பு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கையெழுத்துக்கு முன் அந்த வரியை அடித்துவிட்டு, ‘அனைத்து உரிமையும் ஆசிரியருக்கே’ என்று எழுதி இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) வாங்கித் தருகிறோம், விருது வாங்கித் தருகிறோம் என்பதெல்லாம் காசு கறக்கும் வித்தை. ஆணை வாங்கித் தர எந்தத் தனியாருக்கும் அதிகாரம் கிடையாது. மின்னூல் ஏற்றித் தர 5,000 கேட்பார்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் நூலை நீங்களே கட்டணமில்லாமல் ஏற்றலாம்.

பணத்தை நாலாகப் பிரியுங்கள். வேலை தொடங்கும்போது கால் பங்கு, இறுதி மெய்ப்பில் கையெழுத்திட்டதும் கால், டம்மி சரியாக இருந்தால் கால், பிரதிகளை எண்ணி வாங்கிய பிறகு மீதி. தனிநபர் ஜிபேக்கு அனுப்பாமல் நிறுவனக் கணக்குக்கே அனுப்பி, பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். கட்டிய தொகை, பேசிய பிரதி, வந்த பிரதி, குறைகள், பதினைந்து நாள் கெடு ஆகியவற்றை எழுதி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். பிறகு, பதிப்பகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. ‘இது வியாபாரத்துக்காகப் போட்ட புத்தகம், இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்குப் பதிலை மனுவிலேயே சேர்த்துவிடச் சொல்லி வக்கீலிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.