மூணு வருஷம் யூஸ் பண்ண கம்ப்யூட்டர்: 24 டெசிபல்னு போட்டாங்க, என் காதுக்கு என்ன வந்துச்சு

இந்த டெஸ்க்டாப் வாங்கி மூணு வருஷம் முடிஞ்சிடுச்சு. ஸ்பீடு, ஸ்டோரேஜ் எல்லாம் ஒரு குறையும் இல்ல, அதனால அத விட்டுடறேன், சத்தத்தப் பத்தி மட்டும் சொல்றேன்.

ராத்திரில குரல் ரெக்கார்ட் பண்றவன் நான், அதனால சத்தம் கம்மியா இருக்கணும்னு தேடித் தேடித்தான் வாங்கினேன். இதுல 24 டெசிபல்னு போட்டிருந்துச்சு, இன்னொரு மாடல்ல 3.9 பெல்னு இருந்துச்சு. ஒரு பெல்னா பத்து டெசிபல், அப்ப அது 39, இது 24, இதுதான் ரொம்ப அமைதின்னு முடிவு பண்ணி காசு கட்டிட்டேன். அங்கயே தப்பு. அந்த 39 மெஷின் மொத்தமா வெளிய விடுற சத்தத்தோட பவர், இந்த 24 ஒரு குறிப்பிட்ட எடத்துல மைக் வெச்சு எடுத்த அழுத்தம். பல்போட வாட்டையும், நீங்க படிக்கிற பக்கத்துல விழுற வெளிச்சத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்குற மாதிரி. தரையில வெச்ச பெட்டின்னா ஒரு மீட்டர் தூரத்துல பவர் நம்பர்ல இருந்து சுமார் 8 கழியும், அப்ப அந்த 39ங்கறது 31 மாதிரிதான் வரும். பாதி வித்தியாசம் அப்படியே காணாம போயிடுது, இத பெரும்பாலான ஸ்பெக் ஷீட் வாங்குறவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றதில்ல.

அடுத்தது, அந்த 24 சும்மா ஐடில்ல இருக்கும்போது எடுத்தது. ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் போட்டேன்னா ஃபேன் வேகம் ஏறிடும். ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமாரா 15 டெசிபல் ஏறும்னு ஒரு கணக்கு இருக்கு, பத்து ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி கேக்கும், அப்ப பாத்துக்கோங்க. கம்ப்யூட்டர் சத்தத்த அளக்கறதுக்கு ஐஎஸ்ஓ 7779, அத எப்படி அறிவிக்கணும்னு ஐஎஸ்ஓ 9296னு சர்வதேசத் தரநிலை எல்லாம் இருக்கு, ஐடில்லயும் வேலை செய்றப்பவும் தனித்தனியாவே சொல்லலாம், ஆனா விளம்பரத்துக்கு வரும்போது சின்ன நம்பர் மட்டும்தான் வருது. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம்.

நம்பர்ல வராத விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு நாள் ரெக்கார்டிங்க ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது எந்தச் சுருதில எவ்ளோ சத்தம்னு காட்டுற படத்துல, போட்டுப் பாத்தேன், நான் பேசாம இருந்த எடத்துல எல்லாம் கீழ 105 ஹெர்ட்ஸ்கிட்ட ஒரு கோடு நேரா ஓடிட்டு இருக்கு. கேஸ் ஃபேன்ல ஏழு பிளேடு, வேகம் நிமிஷத்துக்கு 900 சுத்து, அப்ப செகண்டுக்கு 15, அத ஏழால பெருக்கினா அதே 105. காதுக்கு ஏத்த மாதிரின்னு போடுற ‘ஏ’ வெயிட்டிங்ல 100 ஹெர்ட்ஸ் பக்கம் 19 டெசிபல் கழிச்சிடுவாங்க, நம்ம காதும் அந்த மாதிரி குறைச்சுத்தான் கேக்கும், ஆனா மைக் அப்படி ஒண்ணும் கழிக்காதே.

அதவிடக் கொடுமை ஏறி எறங்குற சத்தம். அஞ்சு செகண்டு உய்ங்னு ஏறும், அடங்கும், திரும்ப ஏறும். ஒரே மாதிரி ஓடுனா பத்து நிமிஷத்துல மறந்துடுவோம், இது மறக்கவே விடாது. கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங் இருக்குற பயாஸ்ல போய், எவ்ளோ சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகம்னு சொல்ற ஃபேன் கர்வ நானே மாத்தி, சூடு ஏறினாலும் வேகம் மெதுவா ஏறுற மாதிரி வெச்ச அப்புறம்தான் நிம்மதி. ரெண்டாவது வருஷம், சூட்ட வெளிய தள்ளுற உலோகத் தகடான ஹீட்சிங்க்ல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு திரும்பவும் சத்தம் ஏறுச்சு, தொடச்சதும் பழையபடி ஆயிடுச்சு.

வாங்கப் போறவங்க கடையில மூணு கேள்வி கேளுங்க: எவ்ளோ தூரத்துல அளந்தது, என்ன வேலை ஓடும்போது அளந்தது, இது பவரா அழுத்தமா. பதில் தெரியலன்னா பெட்டிய ஆன் பண்ணி கனமா ஒரு வேலை ஓட விட்டு, உங்க மேசையில தலை எவ்ளோ தூரத்துல இருக்குமோ அவ்ளோ தூரத்துல பத்து நிமிஷம் உக்காருங்க. கடை இரைச்சல்ல ஒண்ணும் கேக்காதுன்னா திருப்பிக் குடுக்க எத்தன நாள் டைம்னு கேட்டுட்டு வாங்குங்க, மொத ராத்திரியே வீட்டுல லைட் அணைச்சு வெச்சு கேட்டுடுங்க.