லினக்ஸுக்கு எந்த லேப்டாப்: பழைய திங்க்பேடா, புது மாடலா?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போடுவதற்கென்று லேப்டாப் தேடுபவர்கள் முதலில் கேட்பது ப்ராசஸரைப் பற்றித்தான். ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா, ஏஎம்டியின் ரைசன் நல்லதா? லினக்ஸைப் பொறுத்தவரை இதைக் கடைசியாகக் கேட்டால் போதும். இன்டெலோ ஏஎம்டியோ, கடந்த பத்து வருடங்களில் வந்த எதிலும் லினக்ஸ் ஓடும். சிக்கல் வருவதெல்லாம் வேறு இடங்களில். வைஃபைக்கு என்ன சிப் போட்டிருக்கிறார்கள், மூடியை மூடினால் ஒழுங்காகத் தூங்கி எழுகிறதா, உள்ளே என்விடியா கிராபிக்ஸ் சிப் இருக்கிறதா. இந்த மூன்றில் முதல் இரண்டைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இருக்காது. அதனால் இந்த ஒப்பீட்டை ப்ராசஸரை வைத்துச் செய்யாமல், இந்த மூன்றை வைத்தே செய்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி மாணவர், நிரல் எழுதக் கற்பவர், எழுத்து வேலை செய்பவர் என்று பெரும்பாலோருக்கு, கடையில் பளபளப்பாக இருக்கும் 50,000 ரூபாய் புது லேப்டாப்பைவிட, அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் பழைய பிசினஸ் லேப்டாப்பே லினக்ஸுக்கு நல்லது. விலை குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

பழையதில் எது

ஐடி கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை லேப்டாப்புகளை மொத்தமாக மாற்றும். கழித்துவிட்டவை சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் கடைகளுக்கு வந்து சேரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் ப்ராசஸர்களில் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. அதனால் 7-ஆம் தலைமுறை மெஷின்கள் இன்னும் மலிவு. லினக்ஸுக்கு அந்தத் தடை கிடையாதே, 7-ஆம் தலைமுறையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். லேப்டாப்புக்கான சாதாரண ஐ5-இல் 7-ஆம் தலைமுறைவரை இரண்டு கோர்தான் (கணக்கிடும் அலகு). 8-ஆம் தலைமுறையில்தான் அது நான்காயிற்று. இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வீடியோ காலும் பேசுபவருக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். ஆகவே 8-ஆம் தலைமுறையைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டுக்கு மேலே இந்தக் கடைகளில் அதிகம் பார்க்கக்கூடியவை லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018 வாக்கில் வந்தவை, மூன்றும் 14 அங்குலம், ஏறக்குறைய ஒரே ப்ராசஸர். மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. இன்டெல் வைஃபை கார்டு போட்டவையே பெரும்பாலும் கிடைக்கும். இன்டெல் வைஃபைக்கான ட்ரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், நிறுவி முடித்ததும் வைஃபை பட்டியல் தானாக வந்து நிற்கும்.

இவற்றில் நான் டி480 பக்கம்தான். முதல் காரணம் பேட்டரி. இந்த மாடலில் பேட்டரி இரண்டு: உள்ளே ஒன்று, வெளியே கழற்றி மாட்டும்படி ஒன்று. திருப்பிப் போட்டு, அடியில் உள்ள இரண்டு தாழ்களைத் தள்ளினால் வெளி பேட்டரி கையோடு வந்துவிடும். உள் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை திரையில் திறந்திருந்த கோப்பு அப்படியே இருக்கும், மெஷின் அணையாது. புது பேட்டரியை மாட்டி வேலையைத் தொடரலாம். பழைய லேப்டாப்பில் முதலில் தேய்ந்து போவது பேட்டரிதான் என்பதால், ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் மாற்ற முடிவது பெரிய விஷயம். கொஞ்சம் கனம் பரவாயில்லை என்றால் 72 வாட்-அவர் பெரிய பேட்டரியும் இதற்கு உண்டு, அடியில் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது காரணம், திங்க்பேடை லினக்ஸ்காரர்கள் பல வருடங்களாகப் புழங்கி வருவது. பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆகாமல் நிறுத்துவது போன்றவற்றைத் தனியாக எதுவும் தேடாமல் லினக்ஸிலேயே செய்துவிடலாம். லினக்ஸின் திரைமுகப்புகளில் ஒன்றான க்னோம் 48-இல் அதற்கென்று அமைப்புகளில் ஒரு பொத்தானே வைத்துவிட்டார்கள். நாள் முழுக்க சார்ஜரில் செருகியே வேலை பார்ப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் போட்டுவைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நிறைய டி480-களில் 1366க்கு 768 திரைதான் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் வெளுத்துத் தெரியும், கண்ணுக்கு வதை. 1920க்கு 1080 ஐபிஎஸ் திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கைரேகை சென்சாருக்கு முறையான லினக்ஸ் ஆதரவு இல்லை. தன்னார்வலர்கள் எழுதிய ட்ரைவர் ஒன்று இருந்தாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (யூஎஸ்பி-சி போர்ட்டுக்கான சிப்புக்குள் பதிந்த மென்பொருளில்) இருந்த ஒரு பிழையால் சில மெஷின்களில் யூஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறாமல் போவதுண்டு. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது, ஆனால் பழைய உரிமையாளர் அதைப் போட்டிருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடையிலேயே இரண்டு சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், எம்எக்ஸ்150 என்ற என்விடியா சிப் உள்ள டி480-யும் உலவுகிறது. 'கிராபிக்ஸ் கார்டோடு வருது சார்' என்று கூடுதல் விலை சொல்வார்கள். என்விடியாவின் புதிய ட்ரைவர்கள் அந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டன, கூடுதல் காசு கொடுத்துத் தொல்லையை வாங்க வேண்டாம். டி480எஸ் என்று கடைசியில் 'எஸ்' இருந்தால் அது வேறு மாடல். மெல்லியது, அழகானது. ஆனால் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றும் பேட்டரியும் கிடையாது.

தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் தோளில் சுமப்பவர் என்றால் லேட்டிட்யூட் 7490-ஐப் பாருங்கள். கையில் எடுத்தாலே கனம் குறைவு தெரியும். டெல்லுக்கு இன்னொரு நல்ல பக்கமும் உண்டு. பயாஸ் (லேப்டாப் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) போன்ற ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை விண்டோஸ் இல்லாமல் லினக்ஸிலிருந்தே போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் முதலில் சேர்ந்த பெரிய நிறுவனங்களில் டெல்லும் ஒன்று. லெனோவோ 2018-இல் வந்து சேர்ந்தது. எலைட்புக்கின் உடல்தான் மூன்றிலும் அழகு, விசைப்பலகையும் மோசமில்லை. நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், ஆனால் தேடிப்போக மாட்டேன்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு எல்லை: ஏவி1 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவைத் தனிச் சுற்றால் கையாளும் வசதி இந்தத் தலைமுறை இன்டெலில் இல்லை. யூட்யூப் அந்த வகையில் வீடியோ அனுப்பினால் விசிறி சத்தம் போடும், பேட்டரி இறங்கும். வீடியோ எடிட்டிங், பெரிய செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிப்பது போன்றவற்றுக்கும் இவை ஆகாது.

புதியதில் என்ன பிரச்சினை

வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் புது லேப்டாப்புகளில் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது வைஃபை கார்டில். மீடியாடெக் எம்டி7902 என்று ஒரு சிப் இருக்கிறது. மாணவர்கள் வாங்கும் விலையில் உள்ள பல மாடல்களில் அதுதான். பல வருடங்கள் அதற்கு லினக்ஸ் ட்ரைவரே இல்லாமல் கிடந்தது. ஆசையாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுவிட்டு, இணையமே வராமல் போனை யூஎஸ்பியில் செருகிக் காலம் தள்ளியவர்கள் நிறையப் பேர். அதே மீடியாடெக்கின் எம்டி7921-க்கோ 2021 முதல் கெர்னலிலேயே ட்ரைவர் உண்டு. எண்ணில் இவ்வளவுதான் வித்தியாசம், கடைக்காரருக்கு இரண்டும் 'வைஃபை' மட்டுமே.

கார்டு போர்டில் ஒட்டாமல் ஸ்லாட்டில் இருந்தால் இதற்குத் தீர்வு உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாற்றிவிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஏஎக்ஸ்211 என்ற கார்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கேற்ற இன்டெல் ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில்தான் வேலை செய்யும். ரைசன் லேப்டாப்பில் செருகினால் உயிர் வராது. கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

தூக்கம் அடுத்த தலைவலி. பழைய லேப்டாப்பை மூடினால் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இன்டெலின் 11-ஆம் தலைமுறை வாக்கில் பல கம்பெனிகள் இந்த முறையையே எடுத்துவிட்டு, போன் மாதிரி பாதி விழித்திருக்கும் முறைக்கு மாறின. விண்டோஸுக்காகச் செய்த மாற்றம் அது. லினக்ஸில் சில மாடல்களில் நன்றாக நடக்கும், சிலவற்றில் இரவு மூடிவைத்தால் காலையில் பேட்டரி கணிசமாக இறங்கியிருக்கும், பைக்குள் வைத்தால் சுடும். இது புதிய கதையும் இல்லை. 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாடலின் 6-ஆம் பதிப்பிலேயே இதே புகார் எழுந்து, லெனோவோ பயாஸில் 'லினக்ஸ்' என்று தனியாக ஒரு தூக்கத் தேர்வைச் சேர்த்துக் கொடுத்தது. எல்லா லேப்டாப்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்று கேமரா. விலை உயர்ந்த சில இன்டெல் மாடல்களில் 12-ஆம் தலைமுறை முதல் வேறு வகைக் கேமரா இணைப்பு வந்தது. நீண்ட காலம் அவற்றில் லினக்ஸில் கேமரா வேலை செய்யவே இல்லை. லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவருக்கு வீடியோ காலில் முகம் தெரியவில்லை, பழைய டி480-காரருக்குத் தெளிவில்லாமலாவது தெரிந்தது.

புதுசுதான் வேண்டும், வாரண்டி வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை: ரைசன் ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் இல்லாதது, சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடல். ஏஎம்டியின் கிராபிக்ஸ் ட்ரைவர் கெர்னலிலேயே இருப்பதால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஒரு வருடம் என்று சொல்வது, அதற்குள் அந்த மாடலின் சில்லறைக் குறைகளுக்குக் கெர்னலில் திருத்தம் வந்திருக்கும் என்பதால். அதில் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போடுவதைவிட ஃபெடோரா என்ற வகையைப் போடுவது நல்லது, கெர்னல் புதியதாக இருக்கும். பழைய மெஷினில் மின்டும் டெபியனும் தாராளமாகப் போதும். டெபியன் 12 முதல் வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேரும் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது.

நம் ஊரில் 'டாஸ்' போட்டு, அதாவது விண்டோஸ் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்து விற்கும் லேப்டாப்புகளும் உண்டு. அது லினக்ஸுக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்டோஸ் உரிமத்துக்குக் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சிப்பை யாரும் லினக்ஸில் சோதித்ததாக அதற்குப் பொருள் கிடையாது. உபுண்டு போட்டே விற்பது வேறு, அதில் குறைந்தபட்சம் தயாரித்தவர் ஓட்டிப் பார்த்திருப்பார். உபுண்டுவைத் தயாரிக்கும் கனானிக்கல் தன் தளத்தில் உபுண்டுச் சான்று பெற்ற மாடல்களைப் பட்டியலிடுகிறது. அதைப் பார்க்கும்போது மாடல் பெயரோடு நிற்காமல், வைஃபை கார்டும் அதேதானா என்று சரிபாருங்கள்.

மற்றவை

கேமிங் லேப்டாப்பை லினக்ஸுக்கென்றே வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். என்விடியா முன்னைவிட எவ்வளவோ மாறிவிட்டது. 2022-இல் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது, திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் இருந்த சிக்கல்களும் 2024-க்குப் பிறகு பெரிதும் குறைந்தன. என்றாலும் இரண்டு கிராபிக்ஸ் சிப்புக்கு இடையே மாறுவது, தூங்கி எழும்போது திரை கருப்பாக நிற்பது, எச்டிஎம்ஐ போர்ட் என்விடியாவோடு மட்டும் இணைந்திருப்பதால் ட்ரைவர் இல்லாமல் ப்ரொஜெக்டரே வராதது எல்லாம் இன்னும் உண்டு. செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு என்விடியாவின் CUDA என்ற கணிப்பு மென்பொருள் கட்டாயம் தேவை என்றால் வேறு வழியில்லை, வாங்குங்கள்.

ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏரில், ஆப்பிள் சிப்புகளில் லினக்ஸை ஓட்டும் அசாஹி திட்டத்தின் ஃபெடோரா நன்றாகவே ஓடுகிறது. ஆப்பிள் ஆவணம் எதுவும் தராத நிலையில் அந்தக் குழு சாதித்தது அபாரம். ஆனால் கைரேகை வேலை செய்யாது, ரேமையும் வட்டையும் மாற்றவே முடியாது. ஏற்கெனவே கையில் இருந்தால் போட்டுப் பாருங்கள், லினக்ஸுக்கென்று போய் வாங்க வேண்டாம். ஃப்ரேம்வொர்க் லேப்டாப் இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும்விட என் மனதுக்குப் பிடித்தது. ஒவ்வொரு பாகத்தையும் பயனரே மாற்றலாம், லினக்ஸை ஒப்புக்குச் சேர்க்காமல் முறையாக ஆதரிக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கு விற்பனை இருந்தால் முதலில் அதையே பாருங்கள். இங்கே இருப்பவர்களுக்கு வாங்குவதும் உதிரி பாகம் தேடுவதும் கஷ்டம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒரு பென்டிரைவில் மின்டையோ ஃபெடோராவையோ ஏற்றி எடுத்துப் போங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி அதிலிருந்து கிளப்புங்கள். வட்டில் எதையும் தொடாமல் லினக்ஸ் திரைக்கு வந்துவிடும். வைஃபை பட்டியல் வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் கேட்கிறதா, கேமரா, திரை வெளிச்சப் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு மூடியை மூடி, கடைக்காரரிடம் விலை பேசிவிட்டுச் சில நிமிடம் கழித்துத் திறங்கள். திரை உடனே வந்து, வைஃபையும் மறுபடி ஒட்டிக்கொண்டால் நல்ல மெஷின். பேட்டரி விவரத்தில் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பழைய திங்க்பேட் என்றால் இன்னொன்று கட்டாயம். கிளப்பும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பழைய கம்பெனி வைத்த மேலாளர் கடவுச்சொல், உள்ளே இருக்கும் சிறு பேட்டரியைக் கழற்றினாலெல்லாம் போகாது. 'அப்புறம் எடுத்துத் தரேன்' என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

புது லேப்டாப் என்றால், விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதற்கு முன் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள். பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினாலே விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும். உபுண்டுவை நிறுவும் நிரல், வட்டு இன்டெல் ஆர்எஸ்டி என்ற இணைப்பு முறையில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டால் பயாஸில் ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதை அவசரமாகச் செய்தால் விண்டோஸ் கிளம்பாது. விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) ஒருமுறை கிளப்பும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மாற்றுங்கள்.