இணைப் பேச்சா, ஜிக்சாவா?

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கான காணொளியைப் பார்த்ததும் பிள்ளைகளைப் பேசவைக்க ‘சிந்தி-இணை-பகிர்’ போதும். 1981இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் வகுத்த முறை. ஒரு நிமிடம் தனியே குறிப்பு, இரண்டு நிமிடம் இணையுடன் பேச்சு, பிறகு வகுப்பில் பகிர்வு. முதல் நிமிடத்தை வெட்டினால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையே பேசும், மற்றது தலையாட்டும். “உன் இணை என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள், காது தானாகத் திறக்கும்.

ஜிக்சா என்பது பனுவலைத் துண்டுகளாகப் பிரித்துப் படித்து ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை. உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் தொடங்கிய இது நீண்ட பனுவலுக்கு உரியது. 16 பேர் என்றால் நால்வராக நான்கு தாய்க்குழுக்கள், பனுவலும் நான்கு துண்டு, குழுவில் ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு பெற்றவர்கள் நிபுணர் குழுவாகக் கூடி 10 நிமிடம் அலசுவர். பின் தாய்க்குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு மூன்று நிமிடம் கற்பிப்பர். சறுக்குவது நிபுணர் குழுவில்தான். அங்கே பிழையாகப் புரிந்தது நான்கு குழுவுக்கும் பரவும். கலையுமுன் இரண்டு சரிபார்ப்புக் கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனித்துப் புரியவேண்டும்: தேக்கா வட்டாரம் பற்றிய தகவல் பனுவல் சரிப்படும், சிறுகதை சரிப்படாது. 17ஆவது மாணவர் வந்தால் ஒரு துண்டை இருவருக்குக் கொடுக்கலாம்.

பல வகுப்புகளிலிருந்து மாணவர் வந்துசேரவே நேரம் போகும் தமிழ்ப் பாடவேளையில் 30 நிமிடம் மிஞ்சாவிட்டால் ஜிக்சாவைத் தொடவேண்டாம்.