தங்கையின் ருபெல்லா ரிப்போர்ட்: ஊரில் பார்த்த பரிசோதனைச் சேவை

இந்த முறை ஊருக்குப் போனபோது தங்கை மாசமாக இருந்தாள், முதல் மூன்று மாதம் முடியவில்லை. டாக்டரிடமும் லேபுக்கும் அவளோடு நானும் போனேன். வெளிநாட்டிலிருந்து கர்ப்பமாக இருக்கும்போது விடுமுறைக்கு வருகிறவர்களும், பிரசவத்துக்கென்றே அம்மா வீட்டுக்கு வருகிறவர்களும் நம்மில் நிறைய. ருபெல்லா என்ற அம்மை வகைக்கான பரிசோதனை விஷயத்தில் நான் பார்த்தது அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

ரத்தம் எடுக்கும் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் எடுத்தார்கள், இருட்டுவதற்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. நான் இருக்கும் நாட்டில் இந்த வேகத்தை நினைத்தே பார்க்க முடியாது. எதையெல்லாம் பரிசோதித்தார்கள் என்பதில்தான் தொல்லை ஆரம்பித்தது. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது ருபெல்லா ஐஜிஜி மட்டும், அதாவது பழைய எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது. லேப் கவுண்டரில் இருந்த பெண், "தனித்தனியா எதுக்குக்கா, டார்ச் பேக்கேஜா போட்டுடுறேன், எல்லாமே வந்துடும்" என்றாள். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஐஜிஜி, அண்மையில் தொற்று வந்ததா என்று பார்க்கும் ஐஜிஎம் இரண்டும் சேர்ந்த தொகுப்பு அது. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். தங்கையும் தலையாட்டிவிட்டாள்.

ருபெல்லா ஐஜிஜி 86, பாசிட்டிவ். அதற்கு அடுத்த வரியில் ஐஜிஎம். தடித்த எழுத்து, பக்கத்தில் நட்சத்திரக் குறி, 'ஈக்விவோக்கல்' என்ற ஒரு சொல். இருக்கிறது என்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்லாத நடுவாந்தர முடிவு. இதற்கு என்ன அர்த்தம், அடுத்து யாரிடம் கேட்பது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. ராத்திரி முழுக்கத் தங்கை வீட்டுக்காரர் போனில் தேடிப் படித்துவிட்டு, விடிந்ததும் என்னிடம் தனியாக வந்து, "கலைக்கச் சொல்லிடுவாங்களா அண்ணி?" என்று கேட்டார்.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. 1941-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் அம்மாக்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். அதுவரை இது குழந்தைகளுக்கு வந்து இரண்டு மூன்று நாளில் போகிற லேசான அம்மை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1964-65-ல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் பிறவி ருபெல்லாப் பாதிப்போடு பிறந்தன. கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு, சிறுத்த தலை. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்றினால் 90 சதவீதம் வரை குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். 20 வாரம் தாண்டிவிட்டால் அது மிக அரிது. ஒன்பது வாரக் கர்ப்பிணியின் கையில் இப்படி ஒரு தாளை விளக்கமே இல்லாமல் கொடுத்தால் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

ஐஜிஜி என்பது எப்போதோ வந்த நோயாலோ போட்ட ஊசியாலோ உடம்பில் நிலைத்திருக்கும் பாதுகாப்பு. ஒரு மில்லி லிட்டருக்கு 10 சர்வதேச அலகு இருந்தாலே போதும் என்று பெரும்பாலான லேப்கள் கணக்கு வைத்திருக்கின்றன. தங்கைக்கு அது தாராளமாகவே இருந்தது. ஐஜிஎம் அண்மைத் தொற்றைக் காட்டத் தோன்றிய பரிசோதனை. ஆனால் வேறு வைரஸ் தொற்று இருந்தாலோ, ரத்தத்தில் முடக்குவாதக் காரணி (மூட்டுவாதக்காரர்கள் பலரிடம் காணப்படும் ஒரு எதிர்ப்பொருள்) இருந்தாலோ பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். சிலருக்கு ஊசி போட்டோ நோய் வந்தோ பல மாதம் ஆன பிறகும் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் காய்ச்சலும் தடிப்பும் இல்லாத, நோயாளி யாரோடும் பழகாத கர்ப்பிணிக்கு ஐஜிஎம் பார்க்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சீட்டில் ஐஜிஜி மட்டும் எழுதியிருந்தால் கவுண்டரிலும் ஐஜிஜி மட்டுமே கேளுங்கள்.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அன்று கூட்டம் நெரிந்தது, ஆனாலும் எங்களை அவசரப்படுத்தவில்லை. ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கையிடம், "காய்ச்சல் இருந்துச்சாம்மா? உடம்புல தடிப்பு? மூட்டு வலி? காதுக்குப் பின்னாடி நெறி கட்டுச்சா?" என்று கேட்டு, தானே கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ருபெல்லா வந்தவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை அறிகுறியே இல்லாமல் கடந்துவிடுவார்கள் என்பதால் அதோடு விடவில்லை. அவிடிட்டி என்ற பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தொற்று வந்த புதிதில் உண்டாகும் ஐஜிஜி வைரஸைத் தளர்வாகத்தான் பிடிக்கும்; மாதங்கள் போகப்போகப் பிடி இறுகும். இறுகிய பிடி தெரிந்தால் தொற்றோ தடுப்பூசியோ குறைந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது, அதாவது கரு உண்டாவதற்கு முன்பு.

அந்தப் பரிசோதனை உள்ளூரில் செய்வதில்லை. பெரிய லேபுக்கு அனுப்பி, முடிவு வரச் சில நாள் பிடித்தது. அத்தனை நாளும் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. வந்த முடிவு 'ஹை அவிடிட்டி'. டாக்டரம்மா ஃபைலில் 'பழைய எதிர்ப்பு சக்தி, பயம் இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வரிக்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பிரசவம் வெளிநாட்டில். முதல் ரத்தப் பரிசோதனையிலேயே எனக்கு ஐஜிஜி போதாது என்று தெரிந்தது. தடிப்பு உள்ளவர்களிடமிருந்து விலகி இருங்கள், இப்போது ஊசி கிடையாது, குழந்தை பிறந்ததும் போடுவோம் என்றார்கள். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை. பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பும் முன் போட்டார்கள். தாய்ப்பால் கொடுக்க அது தடையே இல்லை. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலோடு கர்ப்பிணிகளுக்கான இந்தப் பரிசோதனையையே நிறுத்திவிட்டார்கள். அங்கே ருபெல்லா ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, பரிசோதனை முடிவுகளும் சில நேரம் தேவையில்லாத கலவரத்தைக் கிளப்பின. அங்கிருந்து வருகிறவர்கள் தங்கள் ஃபைலில் ருபெல்லா என்ற வரியே இல்லை என்று பதற வேண்டாம்.

இந்தியக் கதை வேறு. 2017 பிப்ரவரியில்தான் தமிழ்நாடு உள்ளிட்ட சில இடங்களில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட பெண்களில் தனியார் டாக்டரிடம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. "சின்ன வயசுல அம்மை வந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது. தடிப்பு வருகிற நோய் ஒன்றா இரண்டா. அதனால் இங்கே கல்யாணத்துக்குத் தயாராகும் பெண்களுக்கு ஊசிச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் போட்டுவிடுவதும்தான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

என் நாத்தனாருக்கு அடுத்த சில மாதத்தில் கல்யாணம். அவளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸ் முதலில் மாதவிலக்குத் தேதியைக் கேட்டார். ஊசி போட்ட பிறகு நான்கு வாரத்துக்குக் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். பிறகு மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டி, பேட்ச் எண்ணையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதினார். இவ்வளவு பொறுப்பாக ஊசி போட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "தெரியாம கர்ப்பமா இருக்கும்போது போட்டுட்டா?" என்று நான் கேட்டதற்கு, டாக்டரிடம் சொன்னால் போதும், அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை என்றார். உண்மைதான். அப்படித் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களை உலகம் முழுக்கக் கண்காணித்ததில் ஊசியால் பிறவி ருபெல்லா வந்த குழந்தை என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

அந்த அட்டையைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் பரிசோதனையில் ஐஜிஜி குறைவாக வந்தால்கூட, ஊசி போட்ட எழுத்துச் சான்று இருப்பதைப் பார்த்து டாக்டர் பதறாமல் முடிவெடுப்பார். ரிப்போர்ட்டிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொல்லோடு எண், அலகு, லேபின் அளவுகோல் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். தடிப்பு உள்ள யாரோடாவது கர்ப்பிணி பழகிவிட்டால் உடனே ஒரு ரத்தம், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று என்று ஒப்பிட வேண்டி வரும். அந்த இரண்டையும் ஒரே லேபில் பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். நடுவில் ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருப்பவர்கள் முதல் ரத்தம் கொடுக்கும்போதே இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.